அண்ணன் வச்ச பேரு

அந்தப் போஸ்டரையா அண்ணாச்சி பாக்கீங்க? நல்லாப் பாருங்க. அடுத்த செவுத்துலயும் இருக்கும். இந்த பஸ் திருநெல்வேலி போய்ச் சேருற வரைக்கும் அந்த மூஞ்சிதான். 'அண்ணன் பெயர் சூட்டிய நூறு பிள்ளைகள் சங்கமம், ஞாயிறு மாலை.' நடுவுல பல்லைக் காட்டிக் கும்பிட்டுக்கிட்டு நிக்காரே, முன்னாள் மந்திரி வெள்ளைப்பாண்டி, அவரைப் பாக்கத்தான் இப்பப் போறேன். போய் நாக்கைப் புடுங்குற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டுத்தான் வருவேன்.

யார்கிட்ட வேணும்னாலும் கேளுங்க. சைக்கிள்கடைக் கொம்பையா யாருன்னு கேளுங்க. இருபத்தெட்டு வருஷமா கட்சியில கிளைச் செயலாளர். அதுக்கு மேல ஒரு படி ஏறல, ஏத்தியும் விடல. அது கிடக்கட்டும், பதவிக்கு நான் ஆசைப்பட்டவன் இல்ல. வெள்ளைப்பாண்டி அண்ணன் அப்ப எங்க ஊரு ரேஷன் கடையில எடை போட்டுக்கிட்டு இருந்தாரு. நல்ல குரல். 'சீனி வந்தாச்சு'ன்னு கடைவாசல்ல நின்னு ஒரு சத்தம் குடுத்தா மூணு தெருவுக்குக் கேக்கும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் கட்சியில மைக்கைக் கையில குடுத்தாங்க. என் கடையில இருந்த நல்ல சைக்கிளை எடுத்து, கேரியர்ல ஆம்ப்ளிஃபயர், முன்னால ரெண்டு புனல் ஸ்பீக்கர் கட்டி, நான் மிதிப்பேன், அவரு கம்பியில உக்காந்து பேசுவாரு. எத்தனை ஊரு, எத்தனை வெயிலு. என் முழங்கால் போனது அதுலதான்.

குடிதண்ணிக்கு மறியல் பண்ணி ரெண்டு பேரும் ஒண்ணா உள்ள போனோம். பாளையங்கோட்டையில பதினஞ்சு நாள். அவருக்கு ஜெயில் சோறு பத்தல. என் களியையும் சேத்துக் குடுத்துட்டு நான் தண்ணி குடிச்சிட்டுப் படுத்தேன். வெளிய வந்து கூட்டத்துல பேசுதாரு, 'நானும் என் தம்பி கொம்பையாவும் ஒரே தட்டுல சாப்பிட்டோம்'னு. ஒரே தட்டுதான். சாப்பிட்டது யாருன்னு சொல்லல. நானும் கைதட்டத்தான் செஞ்சேன், இல்லைங்கல.

மொத எலெக்‌ஷன்ல தோத்தாரு. ரெண்டாவதுல ஜெயிச்சு எம்.எல்.ஏ. ஆனாரு. மூணாவதுல மந்திரி. என்ன இலாகாங்கீங்க? மீன்வளம். எங்க ஊர்ல மழை பெஞ்சாக் குளம், பெய்யலேன்னா பிள்ளைங்க கிரிக்கெட் விளையாடுற இடம். அங்க பொறந்தவருக்கு மீன். சரி, குடுத்ததை வாங்கிக்கிடணும்லா.

உங்களுக்கு இந்தப் பேர் வைக்கிற சமாச்சாரம் தெரியுமா? கட்சிக்காரன் வீட்டுல பிள்ளை பொறந்தா அவனா பேர் வைக்க மாட்டான். தலைவர் வந்து வைக்கட்டும்னு காத்துக்கிட்டு இருப்பான். கூட்டம் நடந்தா மேடைக்குக் கீழ பத்துப் பொம்பளைங்க கைப்பிள்ளையோட வரிசையில நிப்பாங்க. அண்ணன் ஒவ்வொண்ணா வாங்குவாரு, மைக்குல பேரைச் சொல்லுவாரு, பிள்ளை வீறிட்டு அழும், கூட்டம் விசிலடிக்கும், அடுத்த பிள்ளை. பி.ஏ. ஒரு துண்டுச்சீட்டுல பேரெல்லாம் எழுதிப் பின்னால இருந்து நீட்டிக்கிட்டே இருப்பான். ஒரு தடவை சீட்டு காத்துல பறந்துட்டு. அண்ணன் அசரவே இல்லையே. ஆறு பையன்களுக்கும் வரிசையா 'வெற்றிமாறன், வெற்றிமாறன்'னு வச்சுக்கிட்டே போயிட்டாரு. அந்த ஆறுல மூணு பேரு ஒரே தெரு. இப்பவும் தாய்மாருங்க ஒருத்தனைக் கூப்பிட்டா மூணு பேரும் வந்து நிப்பானுவ.

எனக்குக் கல்யாணம் ஆகி ஒம்பது வருஷம் பிள்ளை இல்ல. பத்தாவது வருஷம்தான் பொம்பளப்பிள்ளை பொறந்துச்சு. அண்ணன் அப்ப எம்.எல்.ஏ. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாரு. 'கொம்பையா, மேடையில வைக்கிறது ஊரான் பிள்ளைக்கு. உன் பிள்ளைக்கு உன் வீட்டுக்கு வந்து, உன் வீட்டுச் சோத்தைச் சாப்பிட்டுட்டுப் பேரு வைப்பேன். அதுவரைக்கும் ஒரு பய வைக்கப்படாது.' அவரே சொன்ன வார்த்தை அண்ணாச்சி. நான் அந்தப் போனைக் காதுல இருந்து எடுக்காம நின்னேன். கண்ணுல தண்ணி வந்துட்டு எனக்கு.

காத்திருந்தேன். நாப்பத்தொண்ணாம் நாள் போச்சு. காது குத்துக்கு வாறேன்னாரு, ஆடெல்லாம் பிடிச்சாச்சு, சட்டசபைன்னுட்டாரு. மந்திரி ஆனப்புறம் ஒரு தடவை எங்க தெருமுக்கு வரைக்கும் காரு வந்துட்டு. கொடி பறக்குது, சைரன் கேக்குது. வாசல்ல ஆரத்தித் தட்டோட என் பொண்டாட்டி முப்புடாதி நிக்கா, அவ இடுப்புல பாப்பா. மெட்ராஸ்ல இருந்து போன் வந்துச்சாம், அப்படியே காரைத் திருப்பிட்டாரு. ஆரத்தித் தண்ணியை எங்க கொட்டன்னு கேட்டா. முருங்கை மூட்டுல கொட்டுன்னேன்.

அதுகூடப் பொறுத்துக்கிட்டேன். நவமணி காண்ட்ராக்டர்னு ஒருத்தன், முந்தின நாள் வரைக்கும் எதிர்க்கட்சி. எங்க போஸ்டர் மேல சாணி அடிக்கச் சொன்னவன். அவன் பேரனுக்குப் பதினாறாம் நாளே போய் உக்காந்து பேரு வச்சு, தங்கச்சங்கிலி போட்டு, பந்தியில இருந்து சாப்பிட்டுட்டு வந்தாரு. என் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நாலு தெருதான். அன்னைக்கு நான் சாப்பிடல. என் பிள்ளைக்கு மூணு வயசு. ஊர்ல எல்லாரும் பாப்பா பாப்பாங்காங்க. என் மாமியார் வந்து, 'ஏ மருமகனே, நாய்க்குட்டிக்குக் கூட வாங்கின அன்னைக்குப் பேரு வைக்காங்க'ன்னு சொல்லிட்டுப் போச்சு. நான் அந்தம்மாகூட ஒரு வருஷம் பேசல.

முப்புடாதி என்ன சொன்னாளா? அவ ஒண்ணும் சொல்லல. அவ எப்பவும் பேசமாட்டா. பீடித்தட்டை மடியில வச்சுக்கிட்டு சுத்திக்கிட்டே இருப்பா. பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவதான், தமிழ்ல பள்ளிக்கூடத்துலயே மொத மார்க்காம். ஆனா ஊர் நடப்பு, அரசியல், இதெல்லாம் அவளுக்கு என்ன தெரியும்.

அஞ்சு வயசாச்சு. பள்ளிக்கூடத்துல சேக்கணும். நான் என்ன நெனச்சேன்னா, இப்போதைக்குப் 'பாப்பா'ன்னே எழுதச் சொல்லுவோம், அண்ணன் வந்து வச்சப்புறம் மாத்திக்கிடலாம்னு. பெரிய டீச்சர் ஞானசௌந்தரி, கண்ணாடியை இறக்கி விட்டுக்கிட்டு என்னைப் பாக்கல, நேரா பிள்ளையைப் பாத்து, 'ஏ குட்டி, உன் பேரு என்ன?'ன்னு கேட்டாங்க.

'எழிலி'ன்னுச்சு.

பிள்ளை திக்கல, முழிக்கல. காலங்காலமா அதுதான் பேருங்கிற மாதிரிச் சொல்லுது. டீச்சர் எழுதிட்டாங்க, கொ. எழிலின்னு. நான் திரும்பி முப்புடாதியைப் பாக்கேன். அவ செவுத்துல தொங்குற அ, ஆ படத்தைப் பாத்துக்கிட்டு இருக்கா.

வீட்டுக்கு வந்து கேட்டேன், எப்பத்துல இருந்துன்னு. வயித்துல இருக்கும்போதேங்கா. அவ படிச்ச தமிழ்ப் புத்தகத்துல இருந்துச்சாம், எழிலின்னா மேகமாம். 'எனக்குத் தெரியாம எப்படிக் கூப்பிட்டே?'ன்னேன். 'நீங்க கட்சி ஆபீஸுக்குப் போனப்புறம்'ங்கா. அஞ்சு வருஷம் அண்ணாச்சி. நான் செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய இறங்கினா என் வீட்டுக்குள்ள ஒரு பேரு ஓடியிருக்கு. திரும்பி வந்து வாசல்ல செருப்பைக் கழட்டினா அது பாப்பா. கட்டின புருஷனுக்குத் தெரியாம. இதைத் துரோகம்னு சொல்லாம என்னன்னு சொல்லுவீங்க?

சரி, ஊருக்கு என்ன பதில் சொல்ல? பொண்டாட்டி வச்சுட்டான்னு சொன்னா மானம் போயிரும்லா. நவமணி காண்ட்ராக்டர் ஆளுங்க டீக்கடையில வச்சுச் சிரிப்பானுவ. அதனால ஒரு வார்த்தை சொன்னேன். அண்ணன் கோட்டையில இருந்து போன் பண்ணி அவசரமாப் பேரு வச்சுட்டாருன்னு. அவ்வளவுதான் சொன்னேன். அதுக்கப்புறம் அந்த வருஷப் பிறந்தநாளுக்கு பிளெக்ஸ் வச்சேன், 'மாண்புமிகு அண்ணன் பெயர் சூட்டிய எங்கள் குலவிளக்கு எழிலி'ன்னு. முப்புடாதி தண்ணிக்குடத்தோட அந்த பிளெக்ஸுக்குக் கீழ நின்னு முழுசாப் படிச்சா. படிச்சிட்டு வீட்டுக்குள்ள போயிட்டா. பாப்பாகிட்டயும் அப்படித்தான் சொல்லி வளத்தேன். உனக்குப் பேரு வச்சது ஒரு மந்திரின்னு. சின்னப்பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகுது.

நான் இன்னைக்கு வரைக்கும் பாப்பான்னுதான் கூப்பிடுதேன். அந்தப் பேரு என் வாயில வராது. வரலேன்னா வரல, விடுங்க.

பள்ளிக்கூடம் சேத்த ஆறாவது மாசம் அண்ணன் பதவி போச்சு. அதையும் நான் கண்ணால பாத்தேன். மேடையில ஒரு கைப்பிள்ளையை வாங்கி மைக்குக்கிட்ட கொண்டு போறாரு, பி.ஏ. சீட்டு நீட்டினான். பேருச்சீட்டுன்னு நெனச்சு வாங்கிப் பாத்தவரு மூஞ்சி வெளுத்துட்டு. மந்திரிசபையில இருந்து எடுத்துட்டாங்கன்னு எழுதியிருந்துச்சு. பிள்ளையை அப்படியே தாய் கையில குடுத்துட்டு இறங்கிட்டாரு. அந்தப் பொம்பளை, 'ஐயா, பேரு, பேரு'ன்னு பின்னாலயே ஓடுதா. போகும்போது காருல கொடி இல்ல. அடுத்த எலெக்‌ஷன்ல தோத்தாரு. அஞ்சு வருஷம் சென்னையில எங்க இருந்தாரோ, யாரு கண்டா. நான் மட்டும் வருஷா வருஷம் அவரு பொறந்தநாளுக்குச் செவுத்துல சுண்ணாம்பு அடிச்சு எழுதிக்கிட்டு இருந்தேன்.

இப்ப மறுபடி எலெக்‌ஷன் வருது. சீட்டு வேணும். தலைமைக்குத் தன் செல்வாக்கைக் காட்டணும். அதுக்குத்தான் இந்த நூறு பிள்ளைகள் சங்கமம். அவரு பேரு வச்ச பிள்ளையளை எல்லாம் ஒரே மேடையில நிறுத்தப் போறாராம். போன புதன்கிழமை மத்தியானம் என் வீட்டு முன்னால காரு வந்து நின்னுச்சு. சைரன் இல்ல, கூட்டம் இல்ல, டிரைவரும் அவரும்தான். பதினோரு வருஷம் கழிச்சு என் வீட்டுப் படி ஏறுதாரு அண்ணாச்சி. தலை முழுக்க நரைச்சுப் போச்சு. 'கொம்பையா'ன்னு கட்டிப் பிடிச்சாரு. நான் அழுதேன். ஆமா, அழுதேன், அதையும் சொல்லிருதேன்.

பிளாஸ்டிக் சேர்ல உக்காந்தாரு. கலர் சோடா வாங்கிக் குடுத்தேன். பாப்பா பள்ளிக்கூட லீவுல வீட்டுல இருந்துச்சு, வந்து வணக்கம் சொல்லுச்சு. தலையில கையை வச்சு, 'உன் பேரு என்னம்மா?'ன்னாரு. எழிலின்னுச்சு. 'அருமையான பேரு, யாரு வச்சா?'ன்னாரு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அது சொல்லிட்டு, 'நீங்கதான் வச்சீங்கன்னு அப்பா சொன்னாங்க.'

அவரு கண்ணு ஒரு தடவை என் பக்கம் வந்துச்சு. ஒரே ஒரு தடவை. அப்புறம் சிரிச்சாரு பாருங்க. 'நானேதான். மறப்பேனா? எழில்னா அழகு. உன்னைப் பாத்ததும் இந்த அழகுக்கு வேற பேரு பொருந்தாதுன்னு வச்சேன்'ங்காரு. பாப்பா விடல. 'போன்ல வச்சீங்கன்னுலா அப்பா சொன்னாங்க'ங்குது. 'ஆமா, போன்லதான். நீ அழுத சத்தம் கேட்டுச்சு. அந்தக் குரல்லயே அழகு தெரிஞ்சுச்சு'ங்காரு. அஞ்சு வயசுப் பிள்ளை, போன்ல, குரல்ல. கூசாமச் சொல்லுதாரு. தண்ணிச்செம்போட நின்ன முப்புடாதியைப் பாத்து, 'என்ன தங்கச்சி, சரிதானே?'ன்னாரு. 'தண்ணி குடிங்க'ன்னு செம்பை நீட்டினா.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். அவ அஞ்சு வருஷம் வாய்க்குள்ளயே பொத்தி வச்சிருந்த பேரு. வயித்துல இருக்கும்போதே நெனச்ச பேரு. அதை ஒரு மனுசன் வந்து, என் வீட்டுச் சேர்ல உக்காந்து, என் வீட்டுக் கலரைக் குடிச்சிக்கிட்டு, அவ கண்ணு முன்னாலயே, நான் வச்சேங்கான். எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்கணும்? ஊரு குளத்தைத் தூர் வாரினது கலெக்டர், நான் வாரினேம்பாரு. பாலம் கட்டினது போன ஆட்சி, நான் கட்டினேம்பாரு. அதெல்லாம் அரசியல், தொலையட்டும். இது என் பொண்டாட்டி வச்ச பேருலா.

அவரு போனப்புறம் நான் கத்தினேன். பாரு, எப்படிப் புளுகுதாருன்னு. பாப்பா கலர்ப் பாட்டிலை ஓரமா எடுத்து வச்சுட்டுச் சொல்லுது: 'அப்பா, அவருக்கு எப்படித் தெரியும்? நீங்க சொன்னதைத்தானே அவரு சொன்னாரு. அம்மா வச்ச பேருன்னு எனக்கு அப்பவே தெரியும். டீச்சர் கேட்டப்ப நான்தானே சொன்னேன். அவரு என்ன சொல்லுதாருன்னு பாக்கத்தான் கேட்டேன்.' பதினோரு வயசு. ஒரு முன்னாள் மந்திரியைச் சோதிச்சுப் பாக்குது. என்னை எத்தனை வருஷமாச் சோதிச்சுக்கிட்டு இருந்துச்சோ, எனக்கு என்ன தெரியும்.

முப்புடாதி பீடித்தட்டை எடுத்து மடியில வச்சா. இலையை வெட்டிக்கிட்டே பேசுதா. 'ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போங்க. மேடை ஏறட்டும், அவரு மைக்குல சொல்லிக்கிடட்டும். ஆனா போறதுக்கு முன்னால ஒரு தடவை, யாரு வச்ச பேருன்னு உங்க வாயால எங்கிட்டச் சொல்லிட்டுப் போங்க. ஊருக்கு வேண்டாம். எங்கிட்ட. சொல்ல முடியாதுன்னா என் பிள்ளை அந்த மேடையில ஏறாது.'

இது ஒரு நிபந்தனையா? அவளுக்குத் தெரியாதா யாரு வச்சான்னு? தெரிஞ்சதை எதுக்குச் சொல்லணும்? அவ அதுக்கப்புறம் எங்கிட்டப் பேசல. சோறு வைக்கா, தண்ணி வைக்கா, பேச்சு இல்ல. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. எனக்கு இருந்த ஆத்திரத்துல இன்னைக்குக் காலையில சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன். அந்த ஆளு மூஞ்சிக்கு நேரா நின்னு, எவன் வீட்டுப் பேரை எவன் வச்சேங்கிறதுன்னு கேக்காம விடமாட்டேன். வாசல்ல பாப்பா நின்னுச்சு. 'அப்பா, அவருகிட்டச் சண்டை போட அவ்வளவு தூரம் போறீங்க. அம்மா அடுப்பாங்கரையிலதான் இருக்கா'ங்குது. எப்படிப் பேச்சு பாத்தீங்களா? நான் காதுல வாங்காம வந்துட்டேன்.

என்ன கேட்டீங்க? அவருகிட்ட என்னன்னு ஆரம்பிக்கப் போறேனா?

அதான் ஆரம்பிக்கணும். நீங்க பேரு வைக்கலன்னு சொல்லுவேன். அப்ப யாரு வச்சாங்கன்னு கேப்பாரு. என் பொண்டாட்டி வச்சாம்பேன். பெறவு எதுக்குடா ஊரெல்லாம் நான் வச்சேன்னு பிளெக்ஸ் கட்டினம்பாரு.

கேப்பாருலா.

இருங்க. இந்தப் போனைக் கொஞ்சம் பிடிங்க, கண்ணாடியை வச்சுட்டு வந்துட்டேன். முப்புடாதின்னு இருக்கும், அதை அமுக்குங்க. ஆங், அடிக்குது, குடுங்க.

ஏ, நான்தான். இல்ல, இன்னும் போய்ச் சேரல, மானூர் தாண்டிட்டு. ஒண்ணுமில்ல. சும்மாதான். எழிலி சாப்பிட்டாளா?

பேச்சே காணும் அண்ணாச்சி. கட் ஆகல, பீடித்தட்டு சத்தம் கேக்குது. ஏ, இருக்கியா? என்ன?

யாரு சாப்பிட்டாளான்னு கேக்கா.